ஷூமன் அறிக்கையின் ஒன்பது வரைவுகள் எங்கே இருக்கின்றன?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே 9, ஐரோப்பா தினத்தையொட்டி வரும் கட்டுரைகளில் இரண்டு செய்திகள் பெரும்பாலும் மாறுவதில்லை. 1950-இல் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன் எழுதிய அறிக்கையிலிருந்துதான் இன்றைய ஐரோப்பிய ஒன்றியம் பிறந்தது என்பது ஒன்று. பாரீசில் வெளியுறவு அமைச்சகத்தின் கடிகார மண்டபத்தில் அவர் நின்று அதைப் படிக்கும் படம் மற்றொன்று. இரண்டுக்குமே திருத்தம் தேவை. அதற்கான சான்றுகளில் முக்கியமானவை ஓர் அரசியல் தலைவர் தம் கைவசம் வைத்திருந்து, பிறகு ஒரு காப்பகத்திடம் ஒப்படைத்த தாள்களில் இருக்கின்றன. தலைவர்களின் தனிப்பட்ட ஆவணங்கள் எப்படிச் சேர்கின்றன, எங்கே கெடுகின்றன, எப்படிப் படிக்க வேண்டும் என்பதைத் தமிழ் வாசகர்களும் வரலாற்று மாணவர்களும் தெரிந்துகொண்டால் ஐரோப்பிய அரசியல் பற்றிய நம் எழுத்தின் தரம் உயரும். அதற்காகவே இந்த நீண்ட கடிதம்.

பிரான்ஸ், ஜெர்மனி நாடுகளின் நிலக்கரி, எஃகு உற்பத்தியை ஒரே பொது அதிகாரத்தின் கீழ் வைக்கலாம் என்ற அந்த அறிக்கையைத் தயாரித்தவர் ஷூமன் அல்லர். அப்போது பிரான்ஸின் திட்ட ஆணையராக இருந்த ழான் மொனே. சட்டப் பேராசிரியர் பால் ரூத்தர், மொனேயின் அலுவலக சகாக்கள் எத்தியன் இர்ஷ், பியேர் யூரி ஆகியோர் அவருடன் உட்கார்ந்து எழுதினார்கள். முதல் வடிவம் 1950 ஏப்ரல் 16-ஆம் தேதிக்குரியது. இறுதி வடிவம் மே 6-இல் முடிந்தது. இடைப்பட்ட மூன்று வாரங்களில் உருவான ஒன்பது வடிவங்களும் இன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், ஐரோப்பாவுக்கான ழான் மொனே அறக்கட்டளையில் இருக்கின்றன. ஷூமனின் பங்கு சிறியதல்ல. அமைச்சர் என்ற முறையில் அரசியல் பொறுப்பை முழுவதுமாக ஏற்று, அமைச்சரவையில் ஒப்புதல் வாங்கி, உலகத்தின் முன் அதை வைத்தவர் அவர். ஆனால் 'முன்வைத்தார்' என்பதற்கும் 'எழுதினார்' என்பதற்கும் உள்ள தூரத்தை அந்த ஒன்பது வடிவங்கள்தான் அளந்து காட்டுகின்றன.

வரைவுகளை வரிசைப்படுத்துவது ஒரு தனி வேலை. எல்லா வரைவுகளிலும் தேதி இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தட்டச்சுப் பிரதியின் மேல் கையால் போட்ட திருத்தம் அடுத்த பிரதியில் தட்டச்சாகவே வந்துவிடும். எந்தத் திருத்தம் எந்தப் பிரதிக்குள் போயிருக்கிறது என்று பார்த்தே முன்பின் வரிசை பிடிக்க வேண்டும். இதற்குத் திருத்தமுள்ள பிரதிகள் எல்லாம் கைக்குக் கிடைக்க வேண்டும். 'முடிந்துபோன வரைவுதானே, இறுதிப் பிரதி இருந்தால் போதும்' என்று யாராவது நடுவில் இரண்டைக் கிழித்துப் போட்டிருந்தால் சங்கிலி அறுந்துவிடும். மொனேயின் அலுவலகம் கிழித்துப் போடவில்லை. அதனால்தான், ஐரோப்பா கூட்டாட்சி அடிப்படையில் அமைய வேண்டும் என்று நேரடியாகப் பேசிய தொடக்க வடிவத்திலிருந்து, நிலக்கரி, எஃகு உற்பத்தியை ஒன்றாக்குவதைக் கூட்டாட்சிக்கான முதல் உறுதியான அடித்தளம் என்று நிதானமாகச் சொல்லும் இறுதி வடிவத்துக்கு வாசகம் எப்படி நகர்ந்தது என்று இன்று பார்க்க முடிகிறது. ஆப்பிரிக்கக் கண்டத்தின் வளர்ச்சி பற்றிய வாக்கியம் அமைச்சர் ரெனே மேயரின் யோசனையால் பின்னர் சேர்ந்தது. அவர் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் தொகுதியின் பிரதிநிதி என்பதை நினைவில் வைத்தால் அந்த வாக்கியம் ஏன் அங்கே இருக்கிறது என்பது விளங்கும். ஐரோப்பிய ஒற்றுமையின் பிறப்புச் சான்றிதழில் காலனிய அக்கறை ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதை நம் கட்டுரைகள் அநேகமாகத் தொடுவதில்லை. தொட வேண்டும்.

படத்துக்கு வருகிறேன். மே 9 மாலை அறிவிப்பு அவ்வளவு அவசரமாக ஏற்பாடானது. செய்தியாளர்கள் இருந்தார்கள், படக்காரர்களும் வானொலியும் இல்லை. அந்தக் காட்சியைப் பிற்பாடு ஷூமன் மறுபடி நிகழ்த்திக் காட்ட வேண்டியிருந்தது. நாம் காணும் படமும் கேட்கும் குரலும் அந்த மறுநிகழ்வைச் சேர்ந்தவை. படத்தைப் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. படக்குறிப்பில் 'பின்னர் எடுக்கப்பட்டது' என்ற இரண்டு சொல் போதும்.

இந்தத் தாள்கள் பிரான்ஸில் இல்லாமல் லோசானில் இருப்பதற்குக் காரணம் மொனேயின் முடிவு. 1978-இல், தம் 89-ஆவது வயதில், அவரே அந்த அறக்கட்டளையை நிறுவித் தம் ஆவணங்களை ஒப்படைத்தார். அடுத்த ஆண்டு மார்ச் 16-இல் காலமானார். லோசான் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி ரீபன் அதன் பொறுப்பை ஏற்றார். பல்கலைக்கழக வளாகத்திலுள்ள பழைய பண்ணைக் கட்டடம் ஒன்றில், டோரிஞி என்ற இடத்தில், அது இயங்குகிறது. உயிரோடு இருக்கும்போதே எழுத்து மூலமாக, முழுத் தொகுப்பையும் ஒரே இடத்துக்குக் கொடுத்தது அவர் செய்த பெரிய காரியம். மொனேயின் பணிக்காலங்களை ஒட்டியே அங்கே பிரிவுகள் அமைந்துள்ளன: ஷூமன் திட்டத்துக்குரிய தாள்கள் ஏ.எம்.ஜி., லக்சம்பர்க்கில் அவர் தலைமை வகித்த, நிலக்கரி, எஃகு சமூகத்தின் உயர் அதிகார சபைக்குரியவை ஏ.எம்.எச்., 1955 முதல் 1975 வரை ஐரோப்பிய ஐக்கியத்துக்காக நடத்திய செயற்குழுவுக்குரியவை ஏ.எம்.கே. இந்த எழுத்துகள் ஆய்வு நூல்களின் அடிக்குறிப்பில் வரும்போது பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் ஒரு கடிதம் எந்தப் பொறுப்பில் இருந்தபோது எழுதப்பட்டது என்பதை அந்த எழுத்துகளே சொல்லிவிடும்.

ஷூமனின் சொந்தத் தாள்கள் வேறிடத்தில். மெட்ஸ் நகரை ஒட்டிய மோசல் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் 34 ஜே என்ற எண்ணில் உள்ளன. ஜெர்மன் தரப்பில், அன்றைய மேற்கு ஜெர்மனிப் பிரதமர் ஆடெனாவரின் தாள்கள் ரைன் நதிக்கரையில் ரோண்டோர்ஃபில், அவர் வாழ்ந்த வீட்டோடு சேர்ந்த அறக்கட்டளையில். அவருடைய நெருங்கிய ஆலோசகர் பிளாங்கன்ஹார்னின் தாள்கள் கோப்ளன்ஸ் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தில், 'என் 1351' என்ற எண்ணில். ஐரோப்பிய ஆணையத்தின் முதல் தலைவர் வால்டர் ஹால்ஸ்டைனின் தாள்களும் அதே காப்பகத்தில்தான், 'என் 1266' என்ற எண்ணில். மே 9 காலையில் நடந்ததை முழுமையாக அறிய இவற்றில் குறைந்தது மூன்றையாவது அருகருகே வைக்க வேண்டும். ஷூமனின் கடிதத்தோடு அவர் அனுப்பிய ஆள் ஒருவர் பான் நகருக்குப் போகிறார். ஆடெனாவர் அமைச்சரவைக் கூட்டத்தில் இருக்கிறார். கடிதம் உள்ளே போகிறது. சம்மதம் பாரீசுக்குத் திரும்புகிறது. அங்கே பிரெஞ்சு அமைச்சரவைக் கூட்டம் இன்னும் முடியவில்லை. ஷூமனின் அலுவலகத் தலைவர் க்ளாப்பியே பதிலுக்காகக் காத்திருக்கிறார். ஒருவருடைய தாள்களை மட்டும் படித்தால் அந்தக் காலையின் பாதிதான் தெரியும். எல்லாத் தலைவர்களும் தம்முடைய பாதியையே முழுமை என்று நினைவுக்குறிப்புகளில் எழுதிவிடுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. இருபத்தைந்து ஆண்டு கழித்து நினைவிலிருந்து எழுதினால் அப்படித்தான் வரும்.

அரசுக் கோப்பு வேறு, தனிப்பட்ட தாள் வேறு என்ற எல்லை எங்கே கிழிக்கப்படுகிறது என்பதில்தான் பெரும்பாலான வழக்குகள் கிளம்புகின்றன. பிரிட்டனில் பழக்கம் ஓரளவு தெளிவு. பிரதமர் அலுவலகக் கோப்புகள் லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகும். கட்சி, தொகுதி, சொந்தக் கடிதங்கள் தலைவரிடம் நிற்கும். மார்கரெட் தாட்சர் 1988 செப்டம்பர் 20-இல் பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரில் ஆற்றிய ஐரோப்பா பற்றிய உரையை ஆராய்பவர், கியூ காப்பகத்தில் பிரதமர் அலுவலகக் கோப்புகளான பிரெம் 19 வரிசையையும், கேம்பிரிட்ஜில் சர்ச்சில் ஆவண மையத்திலுள்ள தாட்சர் தாள்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வரைவின் மீது வெளியுறவு அமைச்சர் ஜெஃப்ரி ஹவ் எழுப்பிய ஆட்சேபங்கள் அரசு வழியில் வந்தவை; உரையை உருட்டித் திரட்டிய கையெழுத்துத் திருத்தங்கள் வேறு வழியில் வந்தவை. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் அந்த உரை உருவானது.

ஜெர்மனியில் முன்னாள் பிரதமர் ஹெல்முட் கோலின் நிலை இன்னும் சிக்கல். ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையில் முக்கியப் பங்கு வகித்த அந்தத் தலைவர் 1998-இல் பதவி இழந்த பிறகு அவருடைய தாள்கள் கட்சி சார்ந்த ஆடெனாவர் அறக்கட்டளையின் காப்பகத்துக்குப் போயின. 2010-இல் அவர் அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டார். 2001, 2002 ஆண்டுகளில் நினைவுக்குறிப்புகளுக்காகப் பத்திரிகையாளர் ஒருவரிடம் 600 மணி நேரத்துக்கும் மேலாகப் பேசிப் பதிவான ஒலிநாடாக்கள் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று, 2015 ஜூலை 10-இல் கோலுக்குச் சாதகமாகத் தீர்ந்தது. 2017-இல் அவர் காலமானார். மொனேயைப் போல முன்கூட்டியே, நிபந்தனைகளை எழுதி, திரும்பப் பெற முடியாதபடி ஒப்படைக்காவிட்டால் ஆய்வாளர் நீதிமன்றத் தீர்ப்புகளை வைத்துத்தான் வரலாறு எழுத வேண்டியிருக்கும். ஒப்படைப்புப் பத்திரத்தில் நான்கு விஷயங்கள் தெளிவாக இல்லையென்றால் பின்னால் சண்டை நிச்சயம்: தாள்கள் தானமா அல்லது பாதுகாப்புக்கு மட்டுமா, பதிப்புரிமையும் சேர்ந்து போகிறதா, எந்தக் கோப்பு எந்த ஆண்டு வரை மூடியிருக்கும், குடும்பத்தில் இனி கிடைக்கும் தாள்கள் யாருக்கு.

ஐரோப்பிய விவகாரங்களில் ஈடுபட்டவர்களின் தாள்களுக்கு மிகப் பெரிய ஒற்றை இருப்பிடம் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் இருக்கிறது: ஐரோப்பிய ஒன்றிய வரலாற்று ஆவணக் காப்பகம். நிறுவனங்களின் ஆவணங்களை 30 ஆண்டு கழித்துப் பொதுமக்களுக்குத் திறக்க 1983-இல் முடிவானது. அடுத்த ஆண்டு புளோரன்ஸிலுள்ள ஐரோப்பியப் பல்கலைக்கழகக் கழகத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். 1986-இல் கதவு திறந்தது. இப்போது அது நகரின் வடக்கே வில்லா சால்வியாத்தியில் உள்ளது. ஆணையம், கவுன்சில், நாடாளுமன்றம் ஆகியவற்றின் கோப்புகளுக்கு அப்பால் தனிநபர்களின் தாள்களும் ஏராளம். ஆணையத்தின் முதல் தலைமைச் செயலராக 1958 முதல் 1987 வரை இருந்த எமில் நோயலின் தாள்கள் அங்கே 'இ.என்.' என்ற குறியீட்டில் உள்ளன. ஆல்தியேரோ ஸ்பினெல்லியின் தாள்கள் 'ஏ.எஸ்.' என்ற குறியீட்டில்.

ஸ்பினெல்லியின் தொகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1927-இல் முசோலினி ஆட்சியில் கைதாகிச் சிறையிலும், பிறகு போன்சா, வென்டோடெனே தீவுகளிலும் அடைபட்டு 1943 வரை வாழ்ந்தவர். 1941-இல் எர்னெஸ்டோ ரோசியுடன் சேர்ந்து ஐரோப்பியக் கூட்டாட்சிக்கான அறிக்கையைத் தீவில் எழுதியவர். 1970-இல் ஐரோப்பிய ஆணையர். 1979-இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு மக்களால் நேரடியாகத் தேர்வானவர். 1980 ஜூலை 9-இல் ஸ்ட்ராஸ்பூரின் முதலை என்ற உணவகத்தில் அவர் கூட்டிய ஒன்பது பேர் சந்திப்பு வளர்ந்து, 1984 பிப்ரவரி 14-இல் ஐரோப்பிய ஒன்றிய வரைவு உடன்படிக்கையாக 237 வாக்குகளுடன் நிறைவேறியது. எதிர்த்தவர் 31, நடுநிலை 43. இப்படிப்பட்ட வாழ்க்கையின் தாள்கள் ஒரே சீராக இருக்க முடியாது. தீவுக் காலத்துக்குத் தாள் மிகக் குறைவு. இருப்பதும் தணிக்கையாளர் கண்ணில் படும் என்று தெரிந்தே எழுதியது, ஆகவே சொல்லாமல் விட்டதைத் தேடிப் படிக்க வேண்டும். தீவிலிருந்து அறிக்கை வெளியேறியது பெண்களின் துணிச்சலால். ஊர்சுலா ஹிர்ஷ்மன் அதில் முதன்மையானவர். மறைவாகப் போன பிரதிகள் நகலெடுக்கப்பட்டபோதும் 1944-இல் அச்சேறியபோதும் வாசகம் அப்படியே நிற்கவில்லை. ஆகவே '1941 அறிக்கை' என்று மேற்கோள் காட்டுபவர் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தார் என்று சொல்லியாக வேண்டும். ஆணையர் ஆன பிறகு நேர்மாறு: தாள் வெள்ளம். ஒரே குறிப்பு பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் ஜெர்மனிலும் மூன்று பிரதியாக நிற்கும். எது முதலில் எழுதப்பட்டது, எது மொழிபெயர்ப்பு என்று பிரதியின் தலைப்பிலுள்ள எண்ணையும் கைத்திருத்தம் எந்த மொழிப் பிரதியில் விழுந்திருக்கிறது என்பதையும் கொண்டே தீர்மானிக்கலாம்.

அந்தக் காலத்துக் கோப்பு ஒன்றைப் பிரித்தால் பெரும்பாலும் இவைதான் இருக்கும்: மேலே கூட்ட நிகழ்ச்சி நிரல், அடியில் தட்டச்சான பேச்சுக் குறிப்பு, ஓரத்தில் பென்சில் கோடுகள், விடுதியின் பெயர் அச்சிட்ட துண்டுத் தாளில் அவசர எழுத்து, மெல்லிய தாளில் கார்பன் நகல், 1980-களுக்குரியதானால் சுருண்டு கிடக்கும் ஃபேக்ஸ் தாள். வரலாற்று மதிப்பு அதிகமானது அநேகமாக அந்த விடுதித் துண்டுத் தாள். குப்பை என்று முதலில் வெளியே போவதும் அதுதான். ஃபேக்ஸ் தாளில் எழுத்து வெப்பத்தால் உண்டானது என்பதால் வெளிச்சத்திலும் சூட்டிலும் மங்கிக்கொண்டே போகும். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால் இன்னும் வேகமாக அழியும். கிடைத்த உடனே அமிலமற்ற தாளில் நகல் எடுத்து, மூலத்தின் பக்கத்திலேயே வைக்க வேண்டும். துருப்பிடித்த குண்டூசியையும் கிளிப்பையும் இழுத்துப் பிடுங்கினால் தாள் கிழியும்; தாளைத் தட்டையாக வைத்து, மெல்லிய பிளாஸ்டிக் துண்டைக் கீழே நுழைத்து, கம்பியை நெம்பி எடுக்க வேண்டும். ஒட்டுநாடாவை வீட்டில் யாரும் உரிக்கக் கூடாது. போருக்குப் பிந்தைய ஐரோப்பாவின் மலிவுத் தாளில் அமிலம் அதிகம். மஞ்சளாகி மடிப்பில் உடையும். சுண்ணாம்புக் கார்பனேட் கலந்த அட்டைப்பெட்டி அந்த அமிலத்தை ஓரளவு ஈர்த்துக்கொள்ளும். புகைப்படங்களுக்கு மட்டும் அது கலக்காத உறை. அறையில் 18 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம், 45 முதல் 50 சதவீத ஈரப்பதம். எண்ணைவிட முக்கியம் ஏற்ற இறக்கம் இல்லாமை. பகலில் குளிர்பதனம், இரவில் நிறுத்தம் என்று நடத்தினால் தாள் விரிந்து சுருங்கி நார் தளர்ந்துவிடும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய கேடு, தலைவர் இறந்த மறுமாதம் வீட்டில் நடக்கும் ஒழுங்குபடுத்தல். பிரபலமானவர்களின் கடிதங்களைத் தனி உறையில் எடுத்து வைப்பார்கள். தபால்தலைக்காக உறையை வெட்டுவார்கள். தேதியற்ற கடிதத்துக்கு அஞ்சல் முத்திரைதான் தேதி என்பது போய்விடும். படங்களை ஆல்பத்தில் ஒட்டிப் பின்னால் எழுதியிருந்த பெயர்களைப் பசையில் மூழ்கடிப்பார்கள். அலுவலகச் செயலர்கள் பொதுவாக இரண்டு வரிசை வைத்திருப்பார்கள்: வந்த கடிதங்கள் பெயர்வாரியாக, அனுப்பியவற்றின் கார்பன் நகல்கள் நாள்வாரியாக. வசதிக்காக இரண்டையும் கலந்துவிட்டால், ஒரே நாளில் மூன்று நாட்டு அமைச்சர்களுக்கு ஒரே செய்தியை மூன்று விதமாக எழுதினார் என்ற உண்மை எங்குமே தெரியாமல் போகும். நாள்வாரிக் கட்டில் அது அடுத்தடுத்த மூன்று தாள். ஆகவே வீட்டுக்குப் போகும் காப்பாளர் முதலில் எதையும் தொடாமல் ஒவ்வொரு அலமாரியையும் இழுப்பறையையும் படம் எடுப்பார், எண் கொடுப்பார், எந்த இழுப்பறை எந்தப் பெட்டிக்குப் போயிற்று என்று எழுதுவார், பிறகே தூக்குவார். பூச்சி இருப்பதாகச் சந்தேகம் வந்தால் பெட்டிகளைக் காற்றுப்புகாமல் கட்டி மைனஸ் 20 டிகிரிக்குக் கீழ் இரண்டு வாரம் உறைய வைத்து, மெதுவாக வெப்பத்துக்குக் கொண்டுவந்து, அதற்குப் பின்தான் மற்றத் தொகுப்புகள் இருக்கும் அறைக்குள் விடுவார்.

பட்டியல் தயாரிப்பு உலகம் முழுவதும் ஏறத்தாழ ஒரே முறை. தொகுப்பு, வரிசை, கோப்பு, தனித்தாள் என்று மேலிருந்து கீழாக விவரணை. ஒவ்வொரு மட்டத்திலும் குறைந்தது ஆறு விவரங்கள் வேண்டும்: குறியீட்டு எண், தலைப்பு, உருவாக்கியவர், காலம், அளவு, எந்த மட்டம் என்பது. 'பல்வகை' என்ற தலைப்பில் தடித்த கோப்பு ஒன்று எல்லாப் பட்டியலிலும் இருக்கும். அனுபவமுள்ள ஆய்வாளர் முதலில் கேட்பது அதைத்தான்.

மூடிய கோப்புகளைப் பற்றி நம் ஊடகங்களில் 'மறைக்கிறார்கள்' என்றே எழுதுகிறோம். சில இடங்களில் உண்மை. பல இடங்களில் இல்லை. தொகுதி மக்கள் உதவி கேட்டு எழுதிய கடிதங்களில் நோய், கடன், குடும்பத் தகராறு எல்லாம் இருக்கும். 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி உயிரோடு இருப்பவர்களைக் காக்கிறது. பொதுநலனுக்கான ஆவணப் பாதுகாப்புக்கு அதில் தனி ஏற்பாடும் உண்டு. காப்பகங்கள் கோப்பு முழுவதையும் மூடாமல், அந்தத் தாள்களை மட்டும் எடுத்து, இடத்தில் குறிப்புத் தாள் செருகிக் கொடுப்பதும் வழக்கம். பிரிட்டன் தன் 30 ஆண்டு விதியை 2013-இல் தொடங்கிப் படிப்படியாக 20 ஆண்டாகக் குறைத்துவிட்டது. தனிப்பட்ட தாள்களுக்கு இந்த எண்கள் தாமாகப் பொருந்தா. ஒப்படைத்தவரின் பத்திரம் சொல்வதே கணக்கு.

பதிப்புரிமையில் பத்திரிகைகள் அடிக்கடி சறுக்குகின்றன. கடிதத் தாள் பெற்றவருக்குச் சொந்தம். அதிலுள்ள வாசகம் எழுதியவருக்குச் சொந்தம். ஆடெனாவர் மொனேக்கு எழுதிய கடிதம் லோசானில் இருந்தாலும், அதை முழுமையாக அச்சிட ஆடெனாவரின் உரிமைதாரர் அனுமதி வேண்டும். ஐரோப்பாவில் உரிமை எழுதியவர் இறந்து 70 ஆண்டு நீடிக்கும். 1963-இல் இறந்த ஷூமனின் எழுத்து 2033 முடிவு வரை, ஆடெனாவருடையது 2037 வரை, மொனேயுடையது 2049 வரை, ஸ்பினெல்லியுடையது 2056 வரை. சில வரி மேற்கோள் காட்டுவதில் சிக்கலில்லை. முழுக் கடிதத்தின் படத்தைப் போடுவதானால் முன்பே எழுதிக் கேட்க வேண்டும்.

மதுரையிலோ மட்டக்களப்பிலோ இருக்கும் மாணவர் இவற்றை எட்ட முடியுமா? முடியும். புளோரன்ஸ் காப்பகத்தின் பட்டியல் இணையத்தில் இலவசம். கணிசமான கோப்புகள் படமாகவும் கிடைக்கின்றன. தாட்சர் அறக்கட்டளை ஆயிரக்கணக்கான தாள்களைத் தேதிவாரியாகப் போட்டிருக்கிறது. லக்சம்பர்க் பல்கலைக்கழகத்தோடு இணைந்துவிட்ட ஐரோப்பிய ஒருங்கிணைப்பு ஆய்வு மையத்தின் தளத்தில் 1970-இல் பொதுநாணயத் திட்ட அறிக்கை தந்த பியேர் வெர்னரின் குடும்ப ஆவணங்களிலிருந்து எடுத்தவை உள்ளன. ஜெர்மனியில் யாருடைய தாள் எந்த ஊரில் என்று அறிய, கோப்ளன்ஸ் காப்பகம் நடத்தும் மறைந்தோர் தாள்களின் மையத் தரவுத்தளம் உண்டு. முதலில் பட்டியலைப் படியுங்கள். கோப்பு எண்ணைக் குறியுங்கள். பிறகே காப்பாளருக்கு எழுதுங்கள். 'ஐரோப்பா பற்றி உங்களிடம் என்ன இருக்கிறது' என்று எழுதினால் பொதுப்படையான பதில்தான் வரும். ஆய்வுத் தலைப்பு இரண்டு வரி, கோப்பு எண், தேவைப்படும் ஆண்டுகள், திறந்த கோப்பா, நகல் கட்டணம் எவ்வளவு என்ற கேள்விகள், இவ்வளவு போதும். நேரில் போனால் பென்சில் மட்டும். ஒரு நேரத்தில் ஒரு கோப்பு. ஃபிளாஷ் இல்லாமல் படம். ஒவ்வொரு படத்திலும் கோப்பு எண் எழுதிய சீட்டுத் தெரியும்படி வைத்தல். அந்தச் சீட்டை வைக்காமல் நூற்றுக்கணக்கில் படம் எடுத்து வந்து, ஊர் திரும்பிய பின் எது எந்தக் கோப்பு என்று தெரியாமல் அத்தனையும் பயனற்றுப்போவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

நம் பக்கத்துக்கு நேரடித் தொடர்புள்ள தாள்களும் உண்டு. பிரிட்டன் 1961 முதல் 1963 வரை ஐரோப்பியப் பொதுச்சந்தையில் சேரப் பேச்சு நடத்தியபோது இந்திய, இலங்கைத் தேயிலைக்கும் இந்தியப் பருத்தித் துணிக்கும் என்ன வரி என்பது மேசையில் இருந்த விஷயம். பேச்சை நடத்தியவர் எட்வர்ட் ஹீத். அவருடைய தாள்கள் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில். 1963 ஜனவரி 14-இல் பிரெஞ்சு அதிபர் டிகால் மறுத்ததோடு பேச்சு முறிந்தது. மலையகத் தேயிலைப் பொருளாதாரம் பற்றி எழுதும் தமிழ் ஆய்வாளர்கள் அந்த இரண்டு ஆண்டுத் தாள்களைத் தேடிப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 'மறுபடி தொடங்குவதானால் பண்பாட்டிலிருந்து தொடங்குவேன்' என்று மொனே சொன்னதாக ஒரு மேற்கோள் உலகம் முழுவதும் சுற்றுகிறது. அவருடைய தாள்களில் அப்படி ஒரு வரி கிடையாது. நிலக்கரியிலும் எஃகிலும் தொடங்கியதற்கு அவர் தந்த காரணங்களோடும் அது ஒட்டவில்லை. யாரோ சொன்னதை யாரோ எழுத, அடுத்தவர் எடுத்து எழுதியதன் விளைவு இது. தலைவர்களின் சொல்லை மேற்கோள் காட்டும் கட்டுரைகளில் காப்பகம், தொகுப்பு, கோப்பு எண், தேதி, எந்த மொழிப் பிரதி என்ற ஐந்தையும் கட்டுரையாளரிடம் கேட்டு வாங்குங்கள். அச்சில் இடமில்லையென்றால் இணையப் பதிப்பிலாவது ஒரு வரி சேருங்கள். கட்டுரையாளரால் தர முடியாத மேற்கோளை மேற்கோள்குறிக்குள் போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஆவணக் காப்பாளர் ஒருவர்
திருச்சிராப்பள்ளி